உதடு

ஏழு வயதில் அம்மை வந்து
என் காது இரண்டையும் கொண்டுபோனது.
வளர்ந்ததும் திருப்பூர்ப் பஞ்சாலை.
அரவை எந்திரம் ஓடும்போது
அங்கே யாருக்கும் காது கிடையாது.
நாற்பது பெண்களும் வாயசைவில்தான் பேசுவோம்:
மேஸ்திரி வர்றான்.
அவளுக்கு மூணாவது மாசம்.
அதில் நான் கெட்டிக்காரி,
தாடிக்குள் ஒளிந்த வாயைக்கூடப் படிப்பேன்.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால்
நொய்யல் கரைக் கொட்டகை, தரை டிக்கெட்.
திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று
கதை சொல்வாராம்; கழுத்து நரம்பு புடைப்பது தெரியும்.
ஊர் அவரைக் கேட்டது.
நான் திரையில் இருந்த வாய்களைப் பார்த்தேன்.

பெரிய நடிகர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
கரையில் போட்ட கெண்டை மாதிரி
சும்மா திறந்து மூடினார்கள்.
ராஜாவுக்குப் பின்னால், ஓரமாக,
ஈட்டி பிடித்து நின்ற காவல்காரன் மட்டும்
முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொன்னான்:
தொண்ணூறு ரூவா. காலணா கொறையாது.

சிரித்துவிட்டேன்.
ராணி விஷம் குடிக்கிற இடம் அது.
பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள்.

அதற்கப்புறம் அவனுக்காகவே போனேன்.
ஒன்றில் வட்டிக்கடைக்காரன்.
ஒன்றில் எமன்,
எருமைமேல் ஏறி உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது
மாட்டோடு புழங்கிய உடம்பென்று.
ஒன்றில் சடைமுடி முனிவன்;
கையைத் தூக்கிக் கண்ணை உருட்டி,
சுழி சரியில்லை, ஓட்டிக்கிட்டுப் போ என்று
ஓர் இளவரசியைக் கல்லாக்கினான்.
கொட்டகையே கண்ணைத் துடைத்தது.

பதினோரு படம். ஏழில் செத்தான்.
மார்பில் வாளோடு சரிந்து
பருத்திக்கொட்டை வெலை ஏறிப்போச்சு
என்று சொல்லிக் கண் மூடியதை
நான் ஒருத்திதான் பார்த்தேன்.
அவன் பேர் ஓர் அட்டையிலும் வரவில்லை.

அப்புறம் பேசும் படம்.
ஊருக்கெல்லாம் காது முளைத்த வருசம் அது.
பிரம்புக்காரர் வெற்றிலைக் கடை வைத்தார்.
அவன் அதிலும் வந்தான், சேவகனாக, ஒரே காட்சி:
மன்னா, தூதர் வந்திருக்கிறார்.
எல்லோருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னான்.
எனக்கு வந்த கடிதத்தை
யாரோ பிரித்துப் படித்துவிட்ட மாதிரி இருந்தது.
கொட்டகை ஏனோ விழுந்து விழுந்து சிரித்தது.
மன்னாங்க, வந்திருக்காருங்க என்றானாம்.
'ங்க' உதட்டில் தெரியாது,
தொண்டைக்குள்ளேயே நடந்து முடிகிற சங்கதி.
அதோடு அவனைத் திரையில் காணோம்.

இரண்டு வருசம் கழித்துக் கண்ணபுரம் சந்தை.
அண்ணன் ஒரு ஜோடி பிடிக்க வந்திருந்தான்.
தரகர் துண்டை விரித்து
அதற்கடியில் அண்ணனின் விரலைப் பிடித்திருந்தார்.
விரல்கள் பேரம் பேச
முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.
ஈட்டிதான் இல்லை.

ராக்கியண்ணன் என்று பேர் சொன்னார்கள்.
மெட்ராசில் படக் கம்பெனிக்குத்
தேர் இழுக்கக் காளை கொண்டுபோனவராம்;
மாடுகளோடு அவரையும் நிறுத்திக்கொண்டார்களாம்.

நேரே அவர் முன்னால் போய் நின்று
சத்தமில்லாமல் வாயசைத்தேன்:
தொண்ணூறு ரூவா. காலணா கொறையாது.

துண்டுக்கடியில் கை நின்றது.
சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், யாருக்காவது கேட்டதா என்று.
மாட்டுக்காரரிடம் திரும்பி ஏதோ பெருமை பேசினார்,
தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது.
அண்ணன் குனிந்து மடிப்பணத்தை எண்ணும் நேரம்
என் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார்.
இப்போது தொண்டை அசையவில்லை.
உதடு மட்டும்:

வாங்காதே, தாயி. மயிலைக்கு இடது கண் தெரியாது.

அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.
என்ன, என்ன என்றான்.
பிடிக்கவில்லை என்றேன்.
காங்கயம் தாண்டும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தானாம்,
வண்டிக்காரர் பிற்பாடு சொன்னார்.
முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.